ஏப்ரல்ல வெனிஸ் போறோம், அம்மா பதுவா அந்தோணியார் கோயில் பாக்கணும்ங்கறாங்க. பதுவாவுக்கு அரை நாள் போதுமா?

கோயிலுக்கு மட்டும்னா போதும், ஊருக்குப் போதாது.

வெனிஸ் சாந்தா லூச்சியா ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா அரை மணி நேரத்துல பதுவா வந்துடும். டூர் பஸ்ல வர்றவங்க நிறைய பேர் வந்து கல்லறையைத் தொட்டு கும்பிட்டு, ரெண்டு ஜெபமாலை வாங்கிட்டு, மதியத்துக்குள்ள கிளம்பிடறாங்க. நான் சொல்றது என்னன்னா பதுவாவுல ரெண்டு ராத்திரி தங்குங்க, வெனிஸை அங்கேருந்து போய்ப் பாத்துட்டு வாங்க. ரூம் வாடகை கம்மி, சாயங்காலத்துல ஊர் உயிரோட இருக்கும், அம்மாவுக்கு பாலம் பாலமா ஏறி இறங்கற வேலையும் இல்ல. நான் இருக்கறது வெரோனா பக்கம், ஊர்லேருந்து யார் வந்தாலும் முதல்ல கூட்டிட்டுப் போறது பதுவாவுக்குத்தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ஏப்ரல் நல்ல டைம். பகல்ல ஸ்வெட்டர் தேவைப்படாது, காலையும் ராத்திரியும் குளிரும், மழை எப்ப வேணா வரும். ஆனா பதுவாவுல ரோட்டோரம் முழுக்க வளைவு வெச்ச தாழ்வாரம்தான், கடைவீதி எல்லாம் அதுக்குள்ளயே நடந்து போயிடலாம், குடை எடுக்க மறந்தாலும் பெருசா நனைய மாட்டீங்க. ஜூன் 13 அந்தோணியார் திருநாள், அன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க, வெயிலும் கூட்டமும் சேந்து பெரியவங்களைப் படுத்திடும்.

நம்ம ஊர் கத்தோலிக்க வீட்டுல பொறந்தவங்களுக்கு "பதுவை", அந்தோணியாரைச் சொல்ற "கோடி அற்புதர்"ங்கறதெல்லாம் பாட்டுலயும் ஜெபத்துலயும் சின்ன வயசுலேருந்து காதுல விழுந்த வார்த்தை, ஆனா பதுவை மேப்புல இருக்கற ஒரு ஊர்ங்கறதே பாதி பேருக்கு உறைக்காது. என் மாமியாருக்கு உவரி பக்கம். ஸ்டேஷன் போர்டுல பதோவான்னு பாத்துட்டு "இதா அந்தப் பதுவை?"ன்னு நம்பாமயே கேட்டாங்க. அந்தோணியார் பொறந்தது லிஸ்பன்ல, 1195 வாக்குல, இங்க இருந்தது கடைசி காலத்துல கொஞ்ச நாள்தான். 1231 ஜூன் 13ல இறந்தாரு, ஒரு வருஷம் கூட ஆகறதுக்குள்ள 1232 மே மாசம் புனிதர் பட்டம் குடுத்துட்டாங்க. அடக்கம் பண்ணினது செவ்வாய்க்கிழமை, நம்ம ஊர் செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் காரணமே அதுதான்.

கோயிலுக்குள்ள போக காசு கிடையாது. தோள், முட்டி மூடின டிரஸ் போடுங்க. இடது பக்கம் கல்லறை இருக்கற சிற்றாலயம், சுத்தி சுவர் முழுக்க பளிங்கு சிற்பம். பீடத்துக்குப் பின்னாடி வரிசையா போய் கல்லறைக் கல்லுல கைய வெச்சு ஜெபிக்கலாம், யாரும் விரட்ட மாட்டாங்க. பக்கத்துல ஜனங்க வெச்சிட்டுப் போன போட்டோ எல்லாம் கொஞ்சம் நின்னு பாருங்க, நொறுங்கிப் போன கார், ஆஸ்பத்திரி கட்டில்ல ஒரு குழந்தை, கல்யாண ஜோடி, இப்படி. மாமியாரும் ஊர்லேருந்து தமிழ்ல எழுதி மடிச்சுக் கொண்டு வந்த சீட்டை அங்க வெச்சாங்க, என்ன எழுதினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அப்புறம் நடுப்பீடத்தைச் சுத்திப் பின்பக்கம் போனா திருப்பண்டம் வெச்சிருக்கற இடம், அவரோட நாக்கு தங்கப் பேழைக்குள்ள இருக்கு. 1263ல கல்லறையைத் திறந்தப்போ அழியாம இருந்ததுன்னு எடுத்து வெச்சது.

இனிமே சொல்றதுதான் அரை நாள்ல தவறிப் போற விஷயம். இந்த ஊரே ஒரு வட்டிக் கதை. அந்தோணியார் 1231 தவக்காலத்துல தினமும் பிரசங்கம் பண்ணினாரு, அவரு போட்டுத் தாக்கினதுல முக்கியமானவங்க வட்டிக்காரங்க. கடனைக் கட்ட முடியாதவனை ஜெயில்ல போட்டுட்டு இருந்தாங்க, அவர் கேட்டுக்கிட்டதால அந்த மார்ச் மாசமே ஊர் சட்டத்தை மாத்தினாங்க, சொத்தை விட்டுக்குடுத்துட்டா ஜெயில் கிடையாதுன்னு. கஞ்சன் செத்ததும் நெஞ்சைத் திறந்து பாத்தா இதயம் இல்ல, அது பணப்பெட்டிக்குள்ள இருந்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க இல்ல, அதை டொனாடெல்லோங்கற சிற்பி வெண்கலத்துல செஞ்சது இந்தக் கோயில் நடுப்பீடத்துலயே இருக்கு, ஆனா தூரத்துலேருந்துதான் பாக்க முடியும்.

அங்கேருந்து நடந்து பலாட்ஸோ தெல்லா ரஜோனேவுக்குப் போங்க. பழைய கோர்ட்டு, 1218ல ஆரம்பிச்ச கட்டடம், மாடியில ஒரே ஹால், கிட்டத்தட்ட 80 மீட்டர் நீளம், நடுவுல ஒரு தூண் கிடையாது, மேல மரக்கூரை கப்பலைக் கவுத்துப் போட்ட மாதிரி. அந்த ஹால் மூலையில ஒரு கறுப்புக் கல் இருக்கும், நிறைய பேர் பாக்காமயே போயிடுவாங்க. அவமானக் கல்லுன்னு பேரு. கடன் கட்ட முடியாதவனை உள்ளாடையோட எல்லார் முன்னாடியும் மூணு தடவை அதுல உக்கார வெச்சு "சொத்தை விட்டுட்டேன்"னு சொல்ல வெச்சு ஊரை விட்டு அனுப்புவாங்க, ஜெயிலுக்குப் பதிலா வந்தது இது. மாமியார் நான் சொன்னதை முழுசா கேட்டுட்டு "வாங்கினவனைத்தான் உக்கார வெச்சாங்களா, குடுத்தவனை உக்கார வெக்கலயா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல.

குடுத்தவன் கதை ஸ்க்ரொவேஞ்ஞி சேப்பல்ல இருக்கு. ரெஜினால்தோ ஸ்க்ரொவேஞ்ஞி பேர் போன வட்டிக்காரன், கவிஞர் தாந்தே தன் காவியத்துல அந்தக் குடும்பச் சின்னமான நீலப் பன்னி போட்ட பணப்பையோட ஒருத்தனை நரகத்துலயே உக்கார வெச்சுட்டாரு. அவன் மகன் என்ரிகோ கட்டினதுதான் இந்த சேப்பல், அப்பன் பாவத்துக்குப் பரிகாரம்னு சொல்வாங்க. 1305 மார்ச் 25ல அர்ச்சிப்பு பண்ணினது, உள்ள பூரா ஜொத்தோ வரைஞ்சது. கூரை நீலத்துல தங்க நட்சத்திரம். வாசல் சுவர்ல கடைசித் தீர்ப்பு, ஒரு பக்கம் வட்டிக்காரங்க அவங்க பணப்பைக் கயித்துலயே தொங்கறாங்க, இன்னொரு பக்கம் என்ரிகோ மண்டி போட்டு சேப்பலோட சின்ன மாதிரியை மாதாகிட்ட குடுக்கறான், அதாவது தன்னை மட்டும் சொர்க்கத்துப் பக்கம் வரைய வெச்சுக்கிட்டான். பணம் இருந்தா என்ன வேணா பண்ணலாம் போல.

அம்மாவுக்கு அங்க விளக்கமே தேவைப்படாது, எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். மேல் வரிசையில மாதாவோட அப்பா அம்மா சுவக்கினும் அன்னம்மாளும் பொற்கதவுகிட்ட சந்திக்கற படத்தைக் காட்டுங்க, வயசான ரெண்டு முகமும் ஒட்டி ஒரே முகம் மாதிரி ஆயிடும், பக்கத்துல கறுப்புத் துணியால பாதி முகத்தை மூடிக்கிட்டு ஒரு பொம்பளை நிப்பா, அவ யாருன்னு அம்மாகிட்டயே கேளுங்க. 700 வருஷம் ஆனதுன்னு நம்பவே முடியாது. 1944 மார்ச்ல குண்டு போட்டப்போ பக்கத்துல இருக்கற எரெமித்தானி கோயில்ல மான்தேஞ்ஞா வரைஞ்ச சுவர் தூள் தூளாப் போச்சு, இது தப்பிச்சது.

இந்த சேப்பலுக்கு ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணணும், ஏப்ரல்ல வாசல்ல போய் டிக்கெட் கேட்டா கிடைக்கறது கஷ்டம், ஸ்கூல் பசங்க டூர் வேற அப்பத்தான். ஒரு தடவைக்கு 25 பேருதான். முதல்ல கண்ணாடி ரூம்ல கால் மணி நேரம் உக்கார வெப்பாங்க, நம்ம மேல இருக்கற ஈரமும் தூசும் உள்ள போகக்கூடாதுன்னு, அப்புறம் உள்ள கால் மணி நேரம். லேட்டா போனா ஸ்லாட் போச்சு. முதல்ல இந்த டைமை முடிவு பண்ணிட்டு மத்ததை அதைச் சுத்திப் போடுங்க. திங்கக்கிழமையைத் தவிர்த்துடுங்க, அன்னிக்கு ரஜோனே ஹாலும் தாவரத் தோட்டமும் லீவு.

தோட்டம்னதும் ஞாபகம் வந்துச்சு. கோயிலுக்குப் பின்னாடி நடக்கற தூரத்துல 1545ல யுனிவர்சிட்டி மருந்துச் செடிக்காகப் போட்ட தோட்டம், அதே இடத்துல இன்னமும் இருக்கு. செடியைத் திருடிட்டுப் போறாங்கன்னுதான் சுத்தி வட்டமா மதில் கட்டினாங்களாம். 1585ல நட்ட ஒரு பனை வகை மரம் இன்னும் கண்ணாடி வீட்டுக்குள்ள நிக்குது. அம்மாவுக்குக் கால் வலிச்சா இங்க உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் பிராத்தோ தெல்லா வல்லேயை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், பெரிய மைதானம், வாய்க்காலைச் சுத்தி 78 சிலை.

சாயங்காலம் ரஜோனேவுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற சதுக்கத்துலதான் ஊரே இருக்கும். யுனிவர்சிட்டி 1222லேருந்து இருக்கு, கலிலேயோ 1592லேருந்து 1610 வரைக்கும் பாடம் நடத்தின இடம். அன்னிக்கு எவனாவது டிகிரி வாங்கியிருந்தா தலையில இலைக் கிரீடம் வெச்சு, கோமாளி வேஷம் போட்டு, அவனைக் கிண்டலடிச்சு எழுதின பெரிய போஸ்டரை அவனையே சத்தமா படிக்க வெப்பாங்க, தப்பா படிச்சா குடிக்கணும். அப்ப கூடப் பாடற பாட்டு கெட்ட வார்த்தைதான், அம்மாவுக்குப் புரியாது.

சாப்பாட்டுல ஒரே ஒரு எச்சரிக்கை, மெனுவுல காவல்லோன்னு இருந்தா குதிரைக் கறி, ஸ்ஃபிலாச்சின்னு பீட்சா மேல நார் நாரா தூவிக் குடுப்பாங்க. ஏப்ரல்ல பஸ்ஸானோ வெள்ளை அஸ்பாரகஸ் முட்டையோட கிடைக்கும், காரம் இருக்காது, ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க.

வெனிஸ் போற நாளுக்கு ஒண்ணு. 2024லேருந்து வசந்த காலத்துல சில நாட்கள்ல, அங்க ராத்திரி தங்காம காலையில வந்துட்டுப் போறவங்ககிட்ட நுழைவுக் கட்டணம் வாங்கறாங்க, பதுவாவுல தங்கினா நீங்களும் அதுல வருவீங்க. எந்தெந்த நாள்னு முன்கூட்டியே வெளியிட்டுடுவாங்க, ரூம் போடறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க.