1,980 வெள்ளிக்குப் புத்தகம் வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்த ஒருவர் பன்னிரண்டு புத்தகம் கொண்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தைக் காட்டினார். விலை 1,980 வெள்ளி. மாதம் 110 வீதம் பதினெட்டு மாதம் கட்டினால் போதும் என்றார். பிள்ளைகளுக்காகத்தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். மகள் நான்காம் ஆண்டு, பேய்க்கதை என்றால் உயிர். மகன் இரண்டாம் படிவம், கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டான். இதை ரத்து செய்ய முடியுமா? வேறு என்ன புத்தகம் வாங்கிக் கொடுப்பது?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் முதலில் ஒப்பந்தத் தாளில் உள்ள தேதியைப் பாருங்கள். வீடு தேடி வந்து விற்பவர்களுக்கென்றே 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. 300 வெள்ளிக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால், கையெழுத்திட்ட பிறகு 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஃபோனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதி, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இழுத்தடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

நான் வளர்ந்த வீட்டிலும் இப்படி ஒரு தொகுப்பு இருந்தது. சிவப்பு அட்டை, முதுகில் தங்க எழுத்து. பீங்கான் தட்டுகளோடு கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி அம்மாவின் முந்தானையில். கை கழுவிவிட்டு வந்தால்தான் ஒரு புத்தகம் வெளியே வரும். தவணை கட்டி முடிந்தபோது நான் இடைநிலைப்பள்ளியையே முடித்திருந்தேன். அதில் எதைப் படித்தேன் என்று கேட்டால் திமிங்கிலப் படம் மட்டும் நினைவிருக்கிறது.

அந்த 110 வெள்ளியில் மாதம் இருபதோ முப்பதோ போதும், புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குக்காக மாதம் 10 வெள்ளி கட்டியே தோட்டம் வாங்கிய கூட்டம் நம்முடையது. அதைத் தொடங்கி வைத்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர்தான்.

மகளுக்குப் பேய்க்கதை பிடித்தால் பேய்க்கதையே வாங்குங்கள். 'நல்ல கதை படி' என்று நீதிக்கதையைத் திணித்தால் இரண்டையும் விட்டுவிடுவாள். கடையிலேயே அரைப் பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வரிக்கு வரி தடுமாறினால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். காசு செலவழிக்காமல் தொடங்க ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம் இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. தமிழ்க் கதைகளை நான்கு படிநிலையாகப் பிரித்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்றாம் படி சரியாக இருக்கும்.

மகன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். படம் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படக்கதைதான் பாலம். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் அதன் பின் வந்த லயனும் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன. கௌபாய், துப்பறிதல் எல்லாம் உண்டு. இங்கே கிடைப்பது குறைவு, ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் போகும்போது விசாரியுங்கள். மலாயோ ஆங்கிலமோ பரவாயில்லை என்றால் கார்ட்டூனிஸ்ட் லாட்டின் 'கம்போங் பாய்' போதும். பேராக் கிராமத்துச் சிறுவன், ஈயம் தோண்டும் கப்பல், அரைக்கால் சட்டை என்று அவன் தாத்தா காலத்துப் பேராக்கே அதில் இருக்கிறது. சரித்திரம் கசக்கிறது என்பானானால், 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் மலாயாவில் அவசரகாலம் வெடித்தது அவன் ஊர்த் தோட்டங்களில்தான் என்று சொல்லிப் பாருங்கள். நான்காம் படிவம் போனதும் ஜப்பானியர் ஆட்சியில் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட வைத்த சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' நாவலைக் கொடுங்கள். இப்போது வேண்டாம், கனமான விஷயம்.

பயிற்சி நூல்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயரில் யாராவது தள்ளுபடி விலையில் நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்புறம், வீட்டுக்காரர் வருமான வரி கட்டுபவரானால் ரசீதை எறிந்துவிட வேண்டாம். 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிச் சலுகையில் பிள்ளைகளுக்கு வாங்கும் புத்தகமும் சேரும்.

கேள்வி: பேத்தி ஐந்தாம் படிவம். சினிமா பார்த்துவிட்டுப் பொன்னியின் செல்வன் கேட்கிறாள். ஐந்து பாகமும் ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் ஏறக்குறைய இரு மடங்கு. மலிவானது போலியா?

பதில்: போலி இல்லை ஐயா. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது, எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். கதை ஒன்றுதான், தாள், எழுத்தின் அளவு, கட்டுமானம், பிழை ஆகியவற்றில்தான் வித்தியாசம். நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் எழுத்து ஒளிந்துகொண்டால், அல்லது ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துப்பிழை கண்ணில் பட்டால், மலிவு என்று எடுக்காதீர்கள். ஓவியர் மணியத்தின் படங்களுள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதல் காசு தரலாம். ஐந்தையும் ஒன்றாக வாங்காமல் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் முன்னால், மதுரைத் திட்டம் தளத்தில் நாவல் முழுவதும் இலவசமாக இருக்கிறது. கைப்பேசியில் இரண்டு அத்தியாயம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையைத் தாண்டியும் அவள் விடவில்லை என்றால் கடைக்குப் போகலாம்.