மேசை கிடைக்கவில்லை என்று எழுதிய தம்பிக்கு

கேள்வி: ஐரி பட்டம் முடித்து ஒன்பது மாதமாகிறது. பிசினஸ் இன்டெலிஜென்ஸ், அதாவது நிறுவனத்தின் தரவை ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் துறையில் வேலை செய்ய ஆசை. இணையத்தில் இரண்டு கோர்ஸ் முடித்துச் சான்றிதழும் எடுத்துவிட்டேன். மைக்ரோசொஃப்டின் அட்வென்ச்சர் வொர்க்ஸ் மாதிரித் தரவை வைத்து, கணக்கை வரைபடங்களாகக் காட்டும் மூன்று டாஷ்போர்ட் செய்திருக்கிறேன். ஆனால் விண்ணப்பித்த இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். மூன்றாவது கோர்ஸுக்குக் காசு அனுப்புவதாகக் கனடாவில் இருக்கும் அக்கா சொல்கிறார். டாஷ்போர்ட் செய்யும் மென்பொருள்களில் பவர் பிஐயை ஆழமாகப் படிப்பதா, டாப்லோவுக்கு மாறுவதா? வீட்டில் படிக்கவும் வசதி குறைவு. இரவு எட்டரைக்குப் பிறகு அம்மா கடைக் கொப்பிகளை மேசையில் விரித்துவிடுவார். நான் கட்டிலில் இருந்துதான் பழகுகிறேன்.
– வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, பவர் பிஐயா டாப்லோவா என்று கேட்டு எனக்கு வரும் எத்தனையாவது கடிதம் இது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் கணினி இருந்தால் போதும். அதிலேயே நில்லும். அதற்கு முதல், தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லை ஒழுங்காகப் படியும். கருவியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நான் கேட்க நினைப்பது வேறு. அம்மா மேசையில் விரித்து வைக்கும் அந்தக் கொப்பிகளில் என்ன இருக்கிறது? ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீரா? கடிதம் முழுக்கத் தேடினேன். கடை என்ன கடை என்றுகூட நீர் எழுதவில்லை. பலசரக்குக் கடை என்று நானாக வைத்துக்கொள்கிறேன். அம்மாவின் கணக்கு உமக்கு மேசையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அட்வென்ச்சர் வொர்க்ஸ் என்பது உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு சைக்கிள் கம்பனி. அதன் இலாப நட்டத்தை நீர் கட்டிலில் இருந்து ஆராய்கிறீர். நாலடி தள்ளி உமக்குச் சோறு போடும் கடையின் இலாப நட்டத்தோடு அம்மா தனியாக மாரடிக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்ற பெயரை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நடந்தவற்றுக்குள் இருக்கும் தொடர்பைப் பிடித்து, அடுத்துச் செய்யவேண்டியதற்கு வழி காண்பதுதான் அறிவு என்பது அதில் அவர் சொன்னதன் சாரம். நாளைக்குச் சாமான் வான் வந்தால் எத்தனை பெட்டி இறக்குவது, யாருக்கு இனிக் கடன் கொடுப்பதில்லை என்று எட்டரை மணிக்கு அம்மா முடிவெடுக்கிறாரே, அது வேறென்ன?

கடன் கொப்பியை எடும். ஒரு பக்கத்தில் ‘முடக்கு வீட்டு ரீச்சர்’ என்று இருக்கும். இன்னொரு பக்கத்தில் வெறும் ‘ரீச்சர்’. இன்னொன்றில் ‘ரீச்சரின் மகன் வாங்கினது’. மூன்றும் ஒரே வீடு. இது அம்மாவுக்குத் தெரியும், உமது கணினிக்குத் தெரியாது. வேலைக்குப் போனால் உமது நேரத்தில் பெரும்பங்கு இப்படியான சிக்கலைப் பிரிப்பதில்தான் போகும். நிறம் நிறமாக வரைபடம் போடுவது கடைசி அரை மணித்தியால வேலை. மாதிரித் தரவில் எல்லாம் துடைத்து அடுக்கி வைத்திருப்பதால் அதில் இதைப் பழகவே முடியாது.

இன்னொன்று. ஓகஸ்ட்டை ஓகஸ்ட்டோடு ஒப்பிடத்தான் கோர்ஸில் சொல்லித் தந்திருப்பார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் யூலை 29. திருவிழா 25 நாள். அந்த நாட்களில் எத்தனை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை என்பது உமக்கே தெரியும். 2023 ஓகஸ்ட்டில் திருவிழா நாள் 11தான்; 2025 ஓகஸ்ட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. இதை அறியாதவன் இரண்டு ஓகஸ்ட்டையும் பக்கத்தில் வைத்து, ரின்மீனும் கருவாடும் விழுந்துவிட்டது, கொள்முதலைக் குறையுங்கள் என்பான். திகதி அட்டவணையில் ‘நல்லூர்’ என்று ஒரு நிரல் சேர்த்தவனுக்கு விஷயம் விளங்கும். நேர்முகத் தேர்வில் இதை ஐந்து நிமிடம் சொல்லும். எதிரில் இருப்பவர் உமது சான்றிதழைப் பிறகு புரட்டிப் பார்க்கமாட்டார்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஆறு மாதக் கொப்பியை எக்செல்லில் ஏற்றும். விற்பனையை ஒரு அட்டவணையாகவும், சாமான், ஆள், திகதி ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாகவும் வையும். ஸ்டார் ஸ்கீமா என்று நீர் பரீட்சைக்குப் பாடமாக்கியது இதுதான். பிறகு அம்மாவிடம், “உங்களுக்குத் தெரியாத எதை இதிலிருந்து சொல்லட்டும்?” என்று கேளும். எந்தச் சாமான் நிறைய ஓடுகிறது என்று சொல்லப் போகாதேயும், அது அவருக்கு மனப்பாடம். எது ஓடியும் இலாபம் தராமல் காசை முடக்குகிறது, கடன் சராசரியாக எத்தனை நாளில் திரும்புகிறது, இதற்குப் பதில் கண்டுபிடியும். அந்தப் பதிலால் அவர் ஒரு பெட்டியாவது குறைத்து இறக்கினால் அதுதான் அவர்கள் கேட்கும் அனுபவம்.

ஒரு எச்சரிக்கை. இதை வேலைக்குக் காட்டப்போகும்போது பெயர்களை எடுத்துவிட்டு இலக்கம் போடும். ஒழுங்கையில் யார் எவ்வளவு கடன் என்பது இத்தனை வருடம் அம்மாவின் வாய்க்குள் இருந்த விஷயம். அது இணையத்துக்குப் போனால் கடையும் போகும், அம்மாவின் முகமும் போகும்.

முதல் வேலை நீர் நினைக்கும் பட்டத்தோடு வராது. ‘எம்ஐஎஸ் எக்ஸெகியூட்டிவ்’, ‘ரிப்போர்டிங்’ என்று ஏதாவது பெயரில் வரும், அநேகமாகக் கொழும்பில். வந்தால் போம். ஆனால் அம்மா தனியாகப் பார்க்கக்கூடிய மாதிரி அந்தக் கணக்கை ஒழுங்காக்கி வைத்துவிட்டுப் போம். கடைக் காசில் பட்டம் எடுத்த பிள்ளை அந்தக் கடையின் கணக்கு அறியாமல் பஸ் ஏறுவது எனக்கு ஏற்காது. பழைய ஆள் என்று வேண்டுமானால் சொல்லும்.

அக்காவுக்கு இன்றைக்கே எழுதும், கோர்ஸ் காசு வேண்டாமென்று. இரவு எட்டரைக்கு ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு மேசையடிக்குப் போம். “உனக்கேன் இந்த வேலை, நீ போய்ப் படி” என்றுதான் அம்மா முதலில் சொல்லுவார். அதைச் சாட்டாக வைத்துக் கட்டிலுக்குத் திரும்பிவிடாதேயும்.