கதவுக்குப் பின்னால் இருந்தது யார் என்பதா கேள்வி?

கேள்வி: தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் காதலியை நான்கு குண்டு சுட்டுக் கொன்றார். முதலில் கொலை இல்லை என்றார்கள், அப்புறம் கொலைதான் என்றார்கள். ஆள் பிரபலம் என்றால் சட்டம் வளையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதல் தீர்ப்பு தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் புகழுக்கு மயங்கி எழுதிய தீர்ப்பு என்று நான் நினைக்கவில்லை. நீதிபதி தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியே தவறு.

2013 பிப்ரவரி 14 விடியற்காலை. பூட்டியிருந்த கழிப்பறைக் கதவு வழியாக நான்கு குண்டுகள் பாய்ந்தன. உள்ளே இருந்தவர் ரீவா ஸ்டீன்காம்ப். "திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்தேன், ரீவா படுக்கையில் இருப்பதாக நினைத்தேன்" என்பது பிஸ்டோரியஸின் வாதம். ரீவா சாவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது, ஆகவே இது கொலை ஆகாது, அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்று 2014 செப்டம்பரில் நீதிபதி தொகோசிலே மசிபா தீர்ப்பளித்தார். தண்டனை 5 ஆண்டு.

2015 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உள்ளே இருந்தது ரீவாவா, திருடனா என்பது பொருட்டே இல்லை. அது சின்ன அறை, ஒதுங்க இடம் கிடையாது. உள்ளே இருப்பவர் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டிருக்கிறார், அதனால் இது கொலை என்றது. எனக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை. திருடன் என்றாலும் அவனும் ஓர் உயிர்தானே?

நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. காரணமே இல்லாமல் கூட்டத்தை நோக்கிப் பீரங்கி சுடுகிறான் ஒருவன், யாரோ ஒருவர் சாகிறார். இன்னாரைக் கொல்ல வேண்டும் என்ற திட்டம் இல்லாவிட்டாலும் அது கொலையே. பழைய தண்டனைச் சட்டம் 300-வது பிரிவுக்குத் தந்த உதாரணம் இது. அந்தப் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 101 ஆகிவிட்டது. கொலைக்குத் தண்டனை 103. கொலை ஆகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கு 105, அலட்சியத்தால் மரணம் என்றால் 106.

கடலூர் துறைமுகத்தில் வலைக்காகத் திடீரென்று சண்டை மூண்டு, கோபத்தில் துடுப்பால் ஒரே அடி அடித்து ஆள் போய்விட்டார் என்று வையுங்கள். 105-க்குள் வர வாய்ப்பு உண்டு. அதே ஆள் வீட்டுக்குப் போய், கத்தியோடு திரும்பி வந்து குத்தினால் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. இரண்டிலும் சாவு ஒன்றுதான். அந்த நேரத்தில் மனசில் என்ன இருந்தது, என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் பிரிவு மாறுகிறது. செத்தவர் யார், அடித்தவர் யார் என்பதை வைத்து அல்ல. எஃப்.ஐ.ஆரில் போலீஸ் போடும் பிரிவே முடிவும் அல்ல. குற்றப்பத்திரிகையில் மாறலாம், தீர்ப்பிலும் மாறலாம். ஒவ்வொரு தடவை மாறும்போதும் "காசு விளையாடிவிட்டது" என்று நாம் கத்தினால், உண்மையிலேயே காசு விளையாடிய வழக்கை எப்படி அடையாளம் காண்பது?

உங்கள் கோபத்துக்குச் சரியான இடம் இந்த வழக்கில் வேறொன்று இருக்கிறது. கொலை என்று முடிவான பிறகும், 2016 ஜூலையில் அவருக்குக் கிடைத்தது வெறும் 6 ஆண்டு. அங்கே கொலைக்குக் குறைந்தபட்சம் 15 ஆண்டு. அதைக் குறைக்க வலுவான காரணம் வேண்டும், அப்படி ஒரு காரணம் எனக்குத் தென்படவில்லை. அரசுத் தரப்பு விடாமல் மறுபடி மேல்முறையீடு போனது. அதிர்ச்சி தரும் அளவுக்குக் குறைவான தண்டனை என்று சொல்லி, 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 13 ஆண்டு 5 மாதமாக உயர்த்தியது.