மதுரையில் தனித்து வாழும் முதியோருக்கு வீட்டிலேயே என்ன மருத்துவ உதவி கிடைக்கும்?

பக்கவாதம் வந்த தந்தையும் சர்க்கரை நோயுள்ள தாயும் செல்லூரில் தனியே இருப்பதால், வெளியூரிலிருந்து யாரை அணுகுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசுத் திட்டத்திலிருந்து தொடங்குவதே சரி என்பேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய மருந்துச் சீட்டுகளைக் காட்டிப் பேசுங்கள். பிற உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567 உண்டு.

ஆனால் இரவும் பகலும் உடனிருக்க ஆள் வேண்டுமென்றால் தனியார் முகமைதான் வழி. வருபவர் பயிற்சி பெற்ற செவிலியரா, வெறும் உதவியாளரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய் மாற்றுவதையும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதையும் உதவியாளரிடம் விடக்கூடாது. (வாடகைக்குக் கட்டில் எடுப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் இதில் காட்டுவதில்லை.)

படுக்கைப் புண் வராதிருக்க, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். என் பெரியம்மா வீட்டில், கிழித்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துவைத்தார்கள். அதில் இடைவெளி விழுந்த ஒரு வாரத்தில்தான் பெரியப்பாவின் குதிகாலில் முதன்முதலாகச் சிவப்புத் தெரிந்தது. அப்படியொரு தாளைப் படமெடுத்துத் தினமும் இரவில் உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.