கப்பல் இரவில் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு 66, சுத்த சைவம், முழங்கால் வலி உண்டு. இருவரையும் குரோஷியாவில் ஸ்ப்ளிட் முதல் டுப்ரோவ்னிக் வரை ஒரு வாரம் சின்னக் கப்பலில் கூட்டிப் போக நினைக்கிறேன். அப்பாவுக்குப் பழைய ஊர்கள்தான் முக்கியம், கடலில் குளிப்பதில் யாருக்கும் ஆர்வம் இல்லை. இணையத்தில் பார்த்தால் எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி தெரிகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எந்த மாதம் நல்லது? சாப்பாடு, விசா?

பதில்: ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏழு நாளில் எட்டு ஊர் என்று விளம்பரத்தில் இருக்கும், ஆனால் அதில் பாதி ஊருக்குக் கப்பல் பகல் ஒரு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்பிவிடும், அந்த மூன்று மணி நேரமும் கல் பாவிய தெருக்கள் வெயிலில் கொதிக்கிற நேரம், பெரிய கப்பல்களில் வந்தவர்களும் பகல் சுற்றுலாப் படகுகளில் வந்தவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற நேரம். சின்னக் கப்பலின் உண்மையான பலன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். பகல் கூட்டம் போன பிறகும் உங்கள் கப்பல் பழைய ஊரின் படகுத்துறையிலேயே கட்டியிருக்கும், அப்பா இரவு ஒன்பது மணிக்கு ஒரு தேவாலயத்து வாசலில் நின்று அதன் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம். அதனால் நிறுவனத்திடம் முதல் கேள்வி இதுதான்: ஒவ்வொரு இரவும் கப்பல் எந்த ஊரில் நிற்கும், எத்தனை மணிக்கு வரும், மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்பும்? இந்த மூன்றையும் எழுதித் தராதவர்களை விட்டுவிடுங்கள்.

இந்தக் கரையில் ஓடும் சின்னக் கப்பல்கள் பெரும்பாலும் நாற்பது பேருக்குள் ஏற்றுபவை, சனிக்கிழமை கிளம்பி அடுத்த சனிக்கிழமை முடிப்பவை. பகலில் சில மணி நேரம் ஓடும், நடுவில் ஏதாவது ஒரு குடாவில் நிறுத்தி நீந்த விடுவார்கள், மாலையில் ஊர். நிறைய நிறுவனங்களுக்கு அந்த நீச்சல்தான் பிரதானம், ஊர் ஒரு கூடுதல் அலங்காரம். உங்களுக்கு வேண்டியது நேர்மாறானது என்பதால், ஒவ்வொரு ஊரிலும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் நடைச் சுற்று கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறதா, அருங்காட்சியக நுழைவுச்சீட்டும் சேர்த்தியா என்று கேட்டுப் பாருங்கள். 'பண்பாட்டுப் பயணம்' என்று பெயர் வைத்துவிட்டு ஒரே ஒரு ஊரில் மட்டும் வழிகாட்டி தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவின் முழங்காலைப் பற்றி விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதை வாயே திறக்க மாட்டார்கள். இந்த அளவுக் கப்பல்களில் பொதுவாக லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்து அறை விலை குறைவு, ஆனால் அங்கே இறங்கும் படிகள் செங்குத்தானவை, எஞ்சின் சத்தமும் அதிகம். சாப்பாட்டுக் கூடம் இருக்கும் தளத்திலேயே அறை கிடைக்குமா என்று கேட்டு, கொஞ்சம் கூடப் போனாலும் அதையே எடுங்கள். இன்னொன்று, கூட்டம் உள்ள துறைமுகங்களில் நாலைந்து கப்பல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி நிறுத்துவது இங்கே சாதாரணம். உங்கள் கப்பல் வெளிப்பக்கம் நின்றால், கரைக்குப் போக மற்ற கப்பல்களின் தளங்களைத் தாண்டி, இடைவெளிகளைக் காலெடுத்து வைத்துக் கடக்க வேண்டும். பணியாளர்கள் கை கொடுப்பார்கள், இருந்தாலும் தினமும் நாலு தடவை இதைச் செய்ய அம்மாவால் முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். தயங்கினால், கூட்டம் குறைந்த மாதம் போவதுதான் வழி.

மாதம் என்றால் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர். ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 25 வரை டுப்ரோவ்னிக்கில் கோடை விழா நடக்கும், பழைய முற்றங்களில் நாடகமும் இசையும் இருக்கும், அதற்காகவே போகிறவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்திலும் வெயிலிலும் நடப்பது கஷ்டம். அக்டோபரில் தென்கிழக்கிலிருந்து வீசும் யூகோ காற்று மழையையும் அலையையும் கொண்டுவரும். வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென்று இறங்கும் குளிர்ந்த பூரா காற்று இன்னும் முரட்டுத்தனமானது. இந்த இரண்டில் எது வந்தாலும் கேப்டன் பாதையை மாற்றுவார், அதற்கு அவருக்கு ஒப்பந்தத்தில் உரிமை உண்டு, மாற்றுவதுதான் சரியும்கூட. அதனால் அப்பா எதைப் பார்க்காமல் திரும்பினால் வருந்துவாரோ அதைக் கப்பலை நம்பி விடாதீர்கள். ஸ்ப்ளிட்டில் கப்பல் ஏறுவதற்கு முன் இரண்டு இரவு, டுப்ரோவ்னிக்கில் இறங்கிய பின் இரண்டு இரவு, கரையில் அறை எடுத்துவிடுங்கள். ஸ்ப்ளிட்டிலிருந்து கிளம்பி ஸ்ப்ளிட்டுக்கே திரும்பும் சுற்றுப் பயணத்தைவிட ஒருவழிப் பயணமே உங்களுக்கு ஏற்றது. இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது.

ஸ்ப்ளிட்டுக்கு ஏன் இரண்டு இரவு? ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பக்கத்தில் இருந்த சலோனா என்ற ரோம நகரப் பகுதியைச் சேர்ந்தவர். கி.பி. 305இல் தானாகவே பதவியைத் துறந்தவர், வந்து தங்கியது இங்கே கட்டிய அரண்மனையில். ஏறத்தாழ 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம், கல் பெரும்பாலும் எதிரே உள்ள ப்ராச் தீவிலிருந்து வந்தது. ஏழாம் நூற்றாண்டில் சலோனா அழிந்தபோது அங்கிருந்து தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் குடியேறினார்கள், அன்றிலிருந்து இன்றுவரை உள்ளே ஆள் வசிக்காத காலமே இல்லை. அரண்மனைத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய வீடுகள், மேலே துணி காயும் கொடிகள், கீழே கடைகள் என்று 1,700 வருடம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஒடுக்கியவர் டயோக்ளீஷியன், அந்த ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் சலோனா பிஷப் டோம்னியஸ். பேரரசர் தன் உடலை வைக்கக் கட்டிய எண்கோணக் கல்லறை மண்டபம் பிற்காலத்தில் அதே டோம்னியஸ் பெயரில் தேவாலயமானது, பேரரசரின் உடல் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. இதை அந்த மண்டபத்துக்குள் நின்று யோசிக்க ஒரு வரலாற்று ஆசிரியருக்கு அரைநாளாவது வேண்டும். பக்கத்துத் தூண் முற்றத்தில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கல் ஸ்ஃபிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) ஒன்று இருக்கிறது, பேரரசரின் காலத்துக்கே அது ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு மேல் பழையது. அம்மாவுக்கும் இந்த ஊர் சுலபம், அரண்மனைப் பகுதி ஏறக்குறைய சமதளம்தான். மணிக்கூண்டில் ஏறுவதை மட்டும் விட்டுவிடலாம்.

ஹ்வார் தீவில் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஹ்வார் நகரம் அழகானது, 1612இல் திறந்த பொது அரங்கு அங்கே இருக்கிறது, ஆனால் கோடை இரவுகளில் அது இளைஞர்களின் கொண்டாட்ட ஊர், தூக்கம் போய்விடும். அதே தீவின் மறுபக்கம் ஸ்டாரி கிராட். கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய இடம். அவர்கள் சமவெளியை நீள்சதுரத் துண்டுகளாக அளந்து பிரித்துக் கல்வேலி போட்டார்கள், அந்தப் பிரிவினையை இன்றும் வயல்களில் பார்க்கலாம், அதே மண்ணில் இன்றும் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. யுனெஸ்கோ 2008இல் இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஸ்டாரி கிராட்டில் இரவு தங்கும் கப்பலையும் ஹ்வார் நகரத்தில் தங்கும் கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

கொர்ச்சுலாத் தீவின் பழைய ஊரில் ஒரு இரவு கட்டாயம். மீன் முள்ளைப் போல அமைந்த தெருக்கள் அங்கே: மேற்குப் பக்கத் தெருக்கள் கோடைக் கடற்காற்று உள்ளே வரும்படி நேராகவும், கிழக்குப் பக்கத் தெருக்கள் பூரா காற்று நேரே பாயாதபடி வளைந்தும் போகும். மார்கோ போலோ இங்கேதான் பிறந்தார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், வீடும் காட்டுவார்கள், அதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. அவர் சிறைபிடிபட்டதாகச் சொல்லப்படும் கடற்போரில், 1298இல் இந்தத் தீவுக்கு அருகே ஜெனோவாக் கப்பற்படை வெனிஸ் கப்பற்படையை முறியடித்தது மட்டும் உண்மை. அப்பாவுக்கு ஒன்று பிடிக்கும்: அந்த மார்கோ போலோதான் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தைப் பற்றியும் முத்துக் குளிப்பைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனவர். கிளம்புவதற்கு முன் அந்தப் பகுதியை அவர் ஒருமுறை படித்துவிட்டு வந்தால் அந்தத் தெருவில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும்.

நேரம் கிடைத்தால் த்ரொகீர் என்ற பழைய ஊரையும் பாருங்கள். ஸ்ப்ளிட் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதைக் கப்பல் தொட வேண்டிய அவசியமில்லை, வந்து இறங்கிய அன்றோ மறுநாளோ பார்த்துவிடலாம். அங்குள்ள தேவாலயத்தில் சிற்பி ராதோவன் 1240இல் செதுக்கிய வாசல் இருக்கிறது. ஷிபெனிக் வடக்கே இருப்பதால் உங்கள் பாதையில் வராது, அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம்.

டுப்ரோவ்னிக்கில் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சின்னக் கப்பல்களும் பழைய துறைமுகத்தில் நிற்பதில்லை, மூன்று கிலோமீட்டர் தள்ளி க்ரூஷ் துறைமுகத்தில்தான் நிற்கும், அங்கிருந்து நகரப் பேருந்து அல்லது டாக்சி. மதில் மேல் நடை 1,940 மீட்டர், படிகள் நிறைய, நிழல் குறைவு. அப்பா மட்டும் காலையில் வாசல் திறந்ததுமே ஏறட்டும். அந்த நேரத்தில் நீங்கள் அம்மாவோடு ஸ்ட்ராதுன் வீதியில் இருக்கலாம், அது சமதளம், ஒரு முனையில் ஃபிரான்சிஸ்கன் மடமும் 1317இல் தொடங்கிய அதன் மருந்தகமும் இருக்கின்றன. மழை பெய்தால் அந்தப் பளபளப்பான கல் வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். இந்த ஊர் பல நூற்றாண்டுகள் தனிக் குடியரசாக இருந்தது. கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் நுழையுமுன் 30 நாள் வெளியே காத்திருக்க வேண்டும் என்று 1377இலேயே சட்டம் போட்டது, 1416இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது, 1667 நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி எழுந்தது, நெப்போலியனின் படை வந்து 1808இல் குடியரசையே கலைத்தது. மதில் மேலிருந்து பார்த்தால் கூரைகளில் பளிச்சென்ற புது ஓடுகள் அதிகம் தெரியும், 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்து மாற்றியவை அவற்றில் பல. ப்லோச்சே வாசலுக்கு வெளியே தனிமைப்படுத்தல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன, பெரும்பாலானோர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள், நீங்கள் நின்று பாருங்கள்.

சாப்பாடு. பல கப்பல்களில் காலை, மதியம் இரண்டு வேளைதான் கட்டணத்தில் சேர்த்தி, இரவு ஊரில் நீங்களே சாப்பிட வேண்டும். இது அம்மாவுக்கு வசதிதான், கரையில் பீட்சா, பாஸ்தா, காய்கறி வதக்கல் எங்கும் கிடைக்கும். 'ப்லித்வா' என்று கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த ஒன்று வரும், தைரியமாகச் சாப்பிடலாம். 'சைவம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் மீன் தட்டில் வந்துவிடும், மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் கூடாது என்று பதிவு செய்யும்போதே ஒவ்வொன்றாக எழுதுங்கள். சூப்பிலும் ரிசோட்டோ என்ற குழைவான அரிசி உணவிலும்தான் இது ஒளிந்திருக்கும். கறுப்பு ரிசோட்டோ கணவாய் மையில் செய்வது. பருப்புப்பொடி, ஊறுகாய், தேங்காய்ப்பொடி கொண்டுபோகலாம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்கள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். அறைக்குள் மின்சார கெட்டிலையோ குக்கரையோ கப்பல்காரர்கள் விட மாட்டார்கள், தீப் பயம்.

விசா விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது, அன்றே யூரோவுக்கும் மாறிவிட்டது. அதிக இரவுகள் அங்கேதான் என்பதால் குரோஷியா வழியாகவே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். உங்கள் கப்பல் கோட்டோருக்கும் போகிறதா என்று பாருங்கள், அது மாண்டிநீக்ரோவில் இருக்கிறது, ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழையும் விசாவோடு அங்கே போனால் திரும்ப குரோஷியாவுக்குள் விட மாட்டார்கள், பலமுறை நுழையும் விசாதான் கேட்டு வாங்க வேண்டும். தரைவழியிலும் இதே சிக்கல் உண்டு: ஸ்ப்ளிட்டுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் நடுவே நேயும் என்ற இடத்தில் போஸ்னியா கடலைத் தொடுகிறது. 2022 ஜூலையில் பெல்யெஷாத்ஸ் பாலம் திறந்த பிறகு அந்த எல்லையைத் தொடாமலே போகலாம், ஆனால் காரோ பேருந்தோ எடுத்தால் பாலம் வழியாகத்தான் போகிறதா என்று கேட்டுவிட்டே ஏறுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள தொகையோடு துறைமுக வரியும் சுற்றுலா வரியும் தனியாக வரும், சில கப்பல்களில் அதை ரொக்கமாகக் கேட்பார்கள். குடிக்கும் தண்ணீர் உட்பட எல்லாப் பானங்களுக்கும் கணக்கு எழுதி கடைசி நாள் வாங்குவதும் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன் இதையும், அறை எந்தத் தளம் என்பதையும், ஏழு இரவுக்குமான துறைமுகப் பட்டியலையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.