ஒருக்களித்துப் படுப்பவருக்கும் குப்புறப் படுப்பவருக்கும் ஒரே ஹைப்ரிட் மெத்தை பொருந்துமா?

வணக்கம். நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர், 90 கிலோ எடையுள்ள உங்கள் கணவர் குப்புறப் படுப்பவர், திருமங்கலத்து வீட்டில் ஏசி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஹைப்ரிட் மெத்தை என்பது மேலே ஃபோமும் அடியில் ஸ்பிரிங்கும் கொண்டது. அதன் மேலடுக்கில் வரும் மெமரி ஃபோம் (உடல் வடிவுக்கு ஏற்ப அமுங்கும் நுரை) சூட்டில் இளகும் பொருள் என்பதால், மதுரைக் கடையின் ஏசி அறையில் கெட்டியாகத் தோன்றிய மெத்தை, சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள உங்கள் அறையில் இன்னும் அமுங்கும். உங்கள் தோளுக்கு அது இதம்தான். ஆனால் அவருக்கு வயிற்றுப் பகுதி தாழ்ந்து, இடுப்பு வளைந்து, காலையில் முதுகு வலிக்க வாய்ப்புண்டு. ஆகவே மேலடுக்கு ஃபோம் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல், அடியில் பாக்கெட் ஸ்பிரிங் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனி உறைக்குள் இருப்பதால் அவர் புரளும்போது உங்கள் பக்கம் அதிகம் அசையாது. இடையே காற்றும் புகும், புழுக்கம் முற்றிலும் தீராவிட்டாலும்.

கடையில் இருவரும் சேர்ந்தே கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள், விற்பனையாளர் முகம் சுளித்தாலும் சரி. நீங்கள் ஒருக்களித்திருக்கையில் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் முதுகெலும்பு நேர்கோடாகத் தெரிய வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைப் போல இதைப் பிரித்துப் பஞ்சடைத்துத் தைக்க இயலாது என்பதால், கழற்றித் துவைக்கும் உறையும் அவசியம். நாடாக் கட்டிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சமமான பலகைக் கட்டில் வேண்டும்.