பில்லி கிம்பர் பத்தி கேளுங்க: நூறு வருஷம் முந்தின ரேஸ்கோர்ஸ் தாதாவும் அவர் குடும்பமும்

கேள்வி: அண்ணா, 'பீக்கி பிளைண்டர்ஸ்' டிவி தொடர்ல வர்ற கிம்பர் நிஜமாவே இருந்த ஆளா? அதுல 1919-லயே சுட்டுக் கொன்னுடறாங்களே?

நிஜமா இருந்தவர்தான் தம்பி, ஆனா அப்படிச் சாகல. 1945-ல இங்கிலாந்துல டார்க்கீங்கிற கடலோர ஊர்ல நர்சிங் ஹோம்ல இறந்தாரு. தொடர்ல லண்டன்காரர் மாதிரி பேச விட்டுருக்காங்க, ஆளு அசல் பர்மிங்ஹாம்.

கேள்வி: எந்த மாதிரி குடும்பம் சார்?

கூலிக் குடும்பம்ங்க. 1882-ல பர்மிங்ஹாம்ல சம்மர் லேன் பக்கம் பிறந்தாரு, அப்பா பித்தளை வார்க்குற தொழிலாளி. அந்த ஏரியா வீடுங்க எப்படின்னா, முன்னாடி ஒரு வீடு பின்னாடி ஒரு வீடு, நடுச்சுவர் ரெண்டுக்கும் ஒண்ணு, அதனால பின்பக்கம் ஜன்னலே கிடையாது, மாடிக்கு ஒரு ரூம், குழாய் கக்கூஸ் துணி துவைக்கிற இடம் எல்லாமே முற்றத்துல பொது. பீக்கி பிளைண்டர்ஸ்னு 1890-கள்ல பேர் எடுத்த தெரு ரவுடிங்க காலத்துலதான் அவர் வளர்ந்ததே.

கேள்வி: கல்யாணம், குழந்தைங்க?

இதைக் கேட்டீங்களே, ரொம்ப நன்றி. சண்டைக் கதையை எல்லாரும் கேக்குறாங்க, மாட்-ங்கிற அவரோட மனைவியை யாரும் கேக்குறதில்ல. அந்தம்மாவையும் பொண்ணுங்களையும் பர்மிங்ஹாம்ல அப்படியே விட்டுட்டு இவர் லண்டன் போயிட்டாரு, அப்புறம் அங்க எலிசபெத்னு இன்னொருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. ரேஸ்ல காசு கொட்டுன நேரத்துல கூட அந்தக் குடும்பம் வறுமையிலதான் கிடந்துச்சு. அவரை ராஜான்னு எழுதுறவங்க இதையும் சேர்த்து எழுதணும், எனக்கு இதுல சமாதானமே கிடையாது.

கேள்வி: ப்ரோ, ரேஸ்ல எப்படி காசு அடிப்பாங்க?

மைதானத்துல பந்தயப் பணம் வாங்குற புக்கிங்ககிட்ட மாமூல்தான், ஆனா சேவைங்கிற பேர்ல. புக்கி போர்டுல சாக்பீஸால ரேட் எழுதுவான், ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் அழிக்கணும்ல, அதுக்கு வாளித்தண்ணியும் ஸ்பாஞ்சும் தூக்கிட்டு கேங்கோட பையன் வந்து நிப்பான், உனக்கு வேணுமோ வேணாமோ அரை கிரவுன்ங்கிற வெள்ளிக்காசை எடுத்து வைக்கணும். சாக்பீஸுக்குத் தனி, குதிரைப் பேர் அச்சடிச்ச லிஸ்டுக்குத் தனி, நிக்கிற இடத்துக்குத் தனி. தரலைன்னா போர்டு முன்னாடி கூட்டமா நின்னு யாரையும் பந்தயம் கட்ட விடமாட்டாங்க, இல்லைன்னா அடிதான். பெட்டி நிறைய ரொக்கம் வச்சிருக்குற புக்கி என்ன பண்ணுவான், கொடுத்துத்தான் ஆகணும்.

கேள்வி: சபினி கூட என்ன பகை?

முதல் உலகப்போர் முடிஞ்சதும் ரேஸுக்குக் கூட்டம் அள்ளுச்சு, கிம்பர் ஆளுங்க லண்டனைச் சுத்தி இருந்த மைதானங்களுக்கும் வந்துட்டாங்க. அங்க இருந்த யூத புக்கிங்க பாதுகாப்புக்கு டார்பி சபினிங்கிற லண்டன் கேங் தலைவரைக் கூட்டிட்டு வந்தாங்க, அவர் லண்டன் கிளெர்கன்வெல்ல இத்தாலியக்காரங்க தெருவுல வளர்ந்தவர். 1921 மார்ச்ல சபினி வீட்டு வாசல்ல கிம்பர் குண்டடி பட்டுக் கிடந்தாரு. சபினி பக்கம் இருந்த ஆல்ஃபி சாலமன் மேல கேஸ் போட்டாங்க, ஆனா யார் சுட்டாங்கன்னு கிம்பர் வாயே திறக்கல, சாலமன் விடுதலை.

கேள்வி: கடைசில யார் ஜெயிச்சா?

தெற்கு மைதானங்க சபினிக்குப் போச்சு. அதே வருஷம் ஜூன்ல எப்சம் ரேஸ் முடிஞ்சு வர்ற வழியில பர்மிங்ஹாம் ஆளுங்க ஒரு வண்டியை மறிச்சு சுத்தியல் செங்கல்லோட பாய்ஞ்சாங்க, எதிரிங்கன்னு தப்பா நினைச்சு அடிச்சாங்க, அடி வாங்குனது லீட்ஸ் ஊர் புக்கிங்க, இவங்களுக்கு வேண்டிய ஆளுங்களே! போலீஸ் மொத்தமா அள்ளிட்டு போச்சு, நிறைய பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அதுக்கப்புறம் கிம்பர் கைல இருந்தது மத்திய, வடக்கு மைதானங்கதான்.